மீட்டருக்குள் நேற்றைய தண்ணீர்

ஆடி மாதத்தில் ஒரு நாள். நைட் ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர் அண்ணா ஒரு கண்ணாடி டம்ளரை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வாங்க. இதைப் பாத்துட்டு அப்புறம் உங்க மீட்டரைப் பாருங்க."

டம்ளரில் இருந்தது ஃபில்டர் தாண்டி வந்த தண்ணீர். வெறும் கண்ணுக்கே மங்கல் தெரிந்தது. பேனலில் கலங்கல் மீட்டர் 0.24 என்டியு (கலங்கலை அளக்கும் அலகு) காட்டியது. அந்த எண்ணுக்குத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு 0.31 இருந்திருக்கிறது. ஒன்பது மணிக்கு 0.28. இப்போது 0.24. லாக் புக்கைப் பார்த்தால் நேரம் ஆக ஆகத் தண்ணீர் நன்றாகிக்கொண்டே போயிருக்கிறது. ஆற்றிலோ அன்று பில்லூர் அணையிலிருந்து உபரி நீர் திறந்துவிட்டு, பவானி செந்தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது.

மீட்டரைத் திறந்தோம். உள்ளே தண்ணீர் இருந்தது, ஆனால் ஓடவில்லை. சாம்பிள் எடுத்து வரும் குழாயின் வால்வு வாயில் துருச் சில்லும் படிகாரச் சேறும் சேர்ந்து அடைத்திருந்தன. சாயங்காலத்துத் தண்ணீரே மீட்டரின் வயிற்றுக்குள் தேங்கி, அதிலிருந்த தூசு மெல்ல அடியில் படிந்துகொண்டிருந்தது. படியப் படிய எண் குறைந்தது. மீட்டர் சரியாகத்தான் அளந்தது. அது அளந்தது எங்கள் ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை அல்ல, அவ்வளவுதான் விஷயம்.

அந்த ராத்திரியே ஜார் டெஸ்ட் வைத்துப் பார்த்து ஆலம், அதாவது படிகாரத்தின் அளவைக் கூட்டினோம். இரண்டு ஃபில்டரை நிறுத்தி பேக்வாஷ் செய்து கழுவினோம், குளோரினை ஏற்றினோம். விடியும்போது டம்ளர் தெளிந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஐந்தாறு மணி நேரம் போன தண்ணீர் எந்தெந்த ஊர் மேல்நிலைத் தொட்டிக்குப் போனது என்று எனக்குத் தெரியும். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரும் அதில் ஒன்று.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷனில் டிப்ளமோ முடித்தவன். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே பவானியில் தண்ணீர் எடுக்கும் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில், ஒப்பந்தக்காரரின் ஆளாக மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தேன். நாளைக்கு மூன்று கோடி லிட்டர். ஆற்றுத் தண்ணீரில் ஆலம் கலந்து, கிளாரிஃப்ளாக்குலேட்டரில் தெளியவிட்டு, எட்டு மணல் ஃபில்டரில் வடித்து, குளோரின் கலந்து அனுப்புகிற வழக்கமான நிலையம்தான். சேர்ந்தபோது என் பொறுப்பில் முப்பத்தெட்டு மீட்டர்கள் இருந்தன. கண்ட்ரோல் ரூமில் பெரிய திரை. பார்வையிட வரும் அதிகாரிகளை முதலில் அங்கேதான் கூட்டிப் போவார்கள். நானும் அந்தத் திரையைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். டம்ளர் ராத்திரிக்குப் பிறகு அதைப் பார்க்கிற என் பார்வை மாறிவிட்டது.

கலங்கல் மீட்டர் வேலை செய்யும் விதம் எளிதுதான். ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாக வெயில் விழும்போது அதில் தூசி மினுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்போம். அதேபோல் மீட்டருக்குள் ஓர் ஒளிக்கற்றை தண்ணீருக்குள் போகிறது. அதற்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் வைத்த கண் ஒன்று, துகளில் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணுகிறது. துகள் கூடினால் சிதறல் கூடும். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 குடிநீருக்கு 1 என்டியு என்கிறது. வேறு தண்ணீருக்கே வழியில்லை என்றால் 5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. நாங்கள் ஃபில்டருக்கு அப்புறம் 0.5-க்குள் வைத்திருக்கப் பார்ப்போம். ஏனென்றால் கலங்கல் வெறும் அழுக்கு மட்டும் கிடையாது. குளோரினிடமிருந்து கிருமி ஒளிந்துகொள்கிற இடமே அந்தத் துகள்தான்.

அடைப்பை எடுத்துவிட்டுக் குழாயைப் பின்தொடர்ந்து நடந்தேன். அது ஃபில்டர் ஹவுஸின் அடித்தளத்தில் தொடங்கி, சுவர் ஓரமாகப் போய், படிக்கட்டைச் சுற்றி, ஆபீஸ் கட்டடத்துக்குள் ஏறி, ஏசி அறையில் இருந்த பேனலுக்கு வந்தது. டேப் பிடித்து அளந்தால் அறுபது மீட்டர். அரை அங்குல ஜிஐ குழாய். கட்டியவர்கள் மீட்டர் எல்லாவற்றையும் ஒரே சுவரில் வரிசையாக மாட்டி, பார்க்க அழகாக வைத்திருந்தார்கள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவ்வளவு நீளக் குழாய்க்குள் ஏறக்குறைய 12 லிட்டர் தண்ணீர் நிற்கும். மீட்டருக்கு நாங்கள் விடுவது நிமிடத்துக்கு அரை லிட்டர். அப்படியானால் ஃபில்டரில் இப்போது வரும் தண்ணீர் மீட்டருக்கு வந்து சேர 24 நிமிடம். மூன்று கோடி லிட்டர் நிலையத்தில் 24 நிமிடத்துக்கு ஐந்து லட்சம் லிட்டர் வெளியே போய்விடும். அடைப்பு இல்லாத நல்ல நாளிலேயே, கெட்ட தண்ணீர் வந்தது எங்களுக்குத் தெரிவதற்குள் ஒரு ஊர்த் தொட்டி நிறைந்திருக்கும். அதோடு அந்தத் துருப்பிடித்த குழாய் தானும் அழுக்கைச் சேர்க்கும். யாராவது பக்கத்து வால்வைத் திருகினால் குழாய் அதிர்ந்து துரு உதிரும், மீட்டர் துள்ளும். ஆபரேட்டர்கள் அந்தத் துள்ளலைப் பார்த்துப் பார்த்து, "அது அப்படித்தான் ஆடும்" என்று பழகிவிட்டார்கள். உண்மையிலேயே கலங்கல் ஏறிய நாளிலும் அது அப்படித்தான் ஆடியிருக்கும்.

மீட்டரை இடம் மாற்ற வேண்டும் என்றேன். ஏசி அறையிலிருந்து எடுத்து ஈரமான அடித்தளத்தில் மாட்டுவதா என்று எதிர்ப்பு வந்தது. திரை மேலேயே இருக்கட்டும், கண் மட்டும் கீழே போகட்டும் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைக்க நாலு மாதம் ஆனது. ஃபில்டர் தண்ணீர் வெளியேறும் குழாயின் பக்கவாட்டில் துளை போட்டு, மூன்று மீட்டர் நீளத்துக்கு மெல்லிய நைலான் டியூப் இழுத்தோம். குழாயின் மேல்பக்கம் எடுத்தால் காற்றுக் குமிழி வரும், அடிப்பக்கம் எடுத்தால் மண் வரும். குமிழியையும் மீட்டர் துகள் என்றே எண்ணும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. 24 நிமிடம் ஐந்து நொடியாகக் குறைந்தது. மொத்தச் செலவும் ஒரு நல்ல செல்போன் விலைக்கு வரவில்லை.

இன்னொன்றும் செய்தோம். என் இத்தனை வருட வேலையில் இதையே பெரிதாக நினைக்கிறேன். மீட்டரிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதுவரை மூடிய குழாய் வழியாக நேரே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயை இடுப்பு உயரத்தில் வெட்டி, கீழே ஒரு பிளாஸ்டிக் புனலை வைத்தோம். மண்ணெண்ணெய் ஊற்றுவோமே, அந்தப் புனல். இனி மீட்டருக்குள் தண்ணீர் ஓடுகிறதா என்று அந்த வழியாக நடந்து போகிற யாருக்கும் தெரியும். தரை கூட்டும் அம்மாவுக்கும் தெரியும். சொட்டுச் சத்தம் காதிலேயே விழும்.

குளோரின் மீட்டர் விஷயத்தில் பாடம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

ஒரு நாள் காலையில் குளோரின் மீட்டர் 5.00 காட்டிக்கொண்டு அப்படியே நின்றது. அதுதான் அதன் உச்ச அளவு. எங்களுக்கு நிலையத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், கடைசி வீட்டுக் குழாயில் 0.2 கிடைத்துவிடும். ஷிஃப்ட் ஆபரேட்டர் கையால் டெஸ்ட் செய்திருக்கிறார். டிபிடி மாத்திரையைத் தண்ணீரில் போட்டால் குளோரின் இருந்தால் ரோஸ் நிறம் வரும். நிறமே வரவில்லை. லாக் புக்கில் "நில்" என்று எழுதிவிட்டு, மீட்டர் ரிப்பேர் என்று எனக்கு போன் செய்தார். குளோரின் வரவில்லை என்று நினைத்து அளவை மேலும் கூட்டியும் வைத்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது லேப் கெமிஸ்ட் மேடம் வந்திருந்தார். அவர் டியூபில் தண்ணீரை எடுத்து மாத்திரையைப் போட்டுக் கண் எடுக்காமல் பார்த்தார். மாத்திரை கரைந்த இடத்தில் ஒரு கீற்று ரோஸ் தெரிந்து, கண் சிமிட்டுகிற நேரத்தில் மறைந்துபோனது. "பாத்தீங்களா?" என்றார். அப்புறம் அந்தத் தண்ணீரில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து இன்னொரு மாத்திரை போட்டார். டியூப் முழுக்க அழுத்தமான ரோஸ் ஏறியது. குளோரின் அளவுக்கு மீறி இருந்தால் தான் உண்டாக்கிய நிறத்தைத் தானே வெளுத்துவிடும். சேலையில் பிளீச்சிங் பவுடர் பட்டால் வெளுப்பதுபோலத்தான். குளோரினேட்டரின் ரெகுலேட்டர் ஒன்று சிக்கிக்கொண்டு வாயுவை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. மீட்டர் சொன்னது சரி, கை டெஸ்ட் சொன்னது தப்பு. மீட்டரின் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லாததால் அதன் பேச்சு எடுபடவில்லை.

அந்த ஆபரேட்டரை மெமோ கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. மேடம் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "நிறம் வந்தா குளோரின் இருக்கு, வரலைன்னா இல்லைன்னு நாமதான் சொல்லிக் குடுத்தோம். வெளுத்துப் போகும்னு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். மறுநாளே எட்டு ஆபரேட்டர்களையும் லேபுக்கு வரச்சொல்லி, பிளீச்சிங் பவுடர் கரைசலை வைத்து அந்தக் கீற்று ரோஸை ஒவ்வொருவர் கண்ணிலும் காட்டினார். இன்றுவரை எங்கள் நிலையத்தில் நிறம் வராவிட்டால் முதல் வேலை, பத்து மடங்கு நீர்க்கவைத்து மறுபடி பார்ப்பது.

லேபுக்கும் ஆன்லைன் மீட்டருக்கும் எங்குமே ஆகாது. குளோரினில் லேப் எண் 0.6 என்றால் மீட்டர் எண் 0.9. மேடம் மீட்டரைக் குறை சொல்வார், நான் லேபைக் குறை சொல்வேன். வருடக்கணக்கில் இப்படி இருந்தோம். ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து பார்த்தோம். லேபின் சாம்பிள் லேப் கட்டடத்துக் குழாயில் பிடிக்கப்படுகிறது. அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வருவது மொட்டைமாடித் தொட்டியிலிருந்து. வெயிலில் காய்கிற தொட்டியில் குளோரின் எப்படி நிற்கும்? இரண்டு பேரும் இரண்டு வேறு தண்ணீரை அளந்துகொண்டு சண்டை போட்டிருக்கிறோம்.

அன்று முதல், ஒப்பிடும் சாம்பிளை மீட்டரின் புனலிலேயே பிடிப்பது என்று வைத்துக்கொண்டோம். பிடிக்கிற அந்த நிமிடமே மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். குளோரின் நிற்காத சரக்கு என்பதால் அங்கேயே நின்று டெஸ்ட் செய்ய வேண்டும். ஒவ்வொரு மீட்டர் பக்கத்திலும் ஒரு அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்டோம். தேதி, மீட்டர் எண், கை எண், கையெழுத்து, நாலே கட்டம். குளோரினில் 0.1-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மீட்டரைத் தொடாமல் முதலில் டெஸ்டை இன்னொரு முறை செய்வோம். மறுபடியும் வந்தால் ஃப்ளோ பார்ப்பது, அப்புறம் துடைப்பது, அதற்கப்புறம்தான் கேலிப்ரேஷன். இந்த வரிசை முக்கியம். பல இடங்களில் வித்தியாசம் வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மீட்டரை லேப் எண்ணுக்குத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அழுக்கு லென்ஸோடு சரிசெய்த மீட்டர், லென்ஸைத் துடைத்த மறுநிமிடம் தப்பு மீட்டராகிவிடும்.

அட்டை நாலைந்து மாதம் நிறைந்ததும் புதிதாக ஒன்று புரிந்தது. மழைக்காலத்தில் மட்டும் குளோரின் மீட்டர் கை டெஸ்டைவிடக் குறைவாகவே காட்டியது. எங்கள் மீட்டர் மின்முனை வகை. தண்ணீரில் குளோரின் இரண்டு வடிவத்தில் இருக்கும். அதில் கிருமியைக் கொல்வதில் வீரியமான வடிவத்தைத்தான் அந்த மின்முனை அதிகமாக உணரும். பிஹெச் 7.2-ல் அந்த வடிவம் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும், 8-க்குப் போனால் கால் பங்காகிவிடும். வெள்ளக் காலத்தில் ஆலம் அதிகம் போட்டுப் பிஹெச் இறங்குவதைச் சுண்ணாம்பு போட்டுத் தூக்குவோம். சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போனால் பிஹெச் எட்டைத் தொடும், மீட்டர் இறங்கும், ஆபரேட்டர் குளோரினைக் கூட்டுவார். ஆளும் மீட்டரும் சரியாக இருந்தும் வேலை தப்பாகப் போகும். கூட்ட வேண்டியது குளோரின் இல்லை, குறைக்க வேண்டியது சுண்ணாம்பு. திரையில் பிஹெச் எண்ணைக் குளோரின் எண்ணுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்ததும் ஆபரேட்டர்களே இதைப் பிடித்துக்கொண்டார்கள். அதுவரை இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருந்தன.

திரையைப் பற்றி இன்னொன்று. மீட்டரிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்கு எண் போவது மின்னோட்டமாக, 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை. சுழியத்துக்கு 0 வைக்காமல் 4 வைத்ததில் பெரிய அறிவு இருக்கிறது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகும். அப்போது "குளோரின் இல்லை" என்பதும் "மீட்டரே இல்லை" என்பதும் வேறு வேறாகத் தெரியும். பிஹெச் மீட்டரில் கம்பி அறுந்தால் கணக்குப்படி மைனஸ் 3.5 வரும். அப்படி ஒரு பிஹெச் எந்தக் குடிநீரிலும் கிடையாது, பார்த்ததும் தெரிந்துவிடும். எங்கள் திரையை அமைத்தவர்கள் மைனஸ் எண் அசிங்கமாக இருக்கிறது என்று சுழியத்துக்குக் கீழே போகாதபடி அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு சித்திரை மாதக் கோடைமழையில் இடி விழுந்து குளோரின் மீட்டரின் கம்பி போனது. திரையில் சுத்தமாக 0.00. ஆபரேட்டர் சிலிண்டரை மாற்ற ஓடினார், ராத்திரி மழையில், தனியாக. குளோரின் சிலிண்டர் அப்படி அவசரத்தில் தொடுகிற பொருளா? அந்த அடைப்பை எடுக்கச் சொல்லி நான் எழுதிய கடிதங்களின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது கம்பி போனால் திரையில் அந்தக் கட்டம் சாம்பல் நிறமாகி "சிக்னல் இல்லை" என்று வருகிறது. தமிழில்தான் வருகிறது, அதற்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினேன்.

இந்த வேலையில் இருப்பவர்கள் இரண்டு ஊர்களின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று அமெரிக்காவின் மில்வாக்கி. 1993 வசந்த காலத்தில் அந்த ஊரின் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் ஃபில்டர் தண்ணீரின் கலங்கல் ஏறியது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற, குளோரினுக்கு அடங்காத ஒட்டுண்ணி ஃபில்டரைத் தாண்டி வந்து, ஏறக்குறைய 4,03,000 பேரை வயிற்றுப்போக்கில் தள்ளியது. கலங்கலைத் தொடர்ச்சியாக அளக்கும் மீட்டர்கள் அங்கே இருந்தன, பயன்பாட்டில் இல்லை. எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று கனடாவின் வாக்கர்ட்டன். சின்ன ஊர். 2000-ம் ஆண்டு மே மாதம் பெருமழையில் மாட்டுச் சாணத்தின் கிருமி ஒரு கிணற்றுக்குள் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அந்தக் கிணற்றில் குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளக்கும் மீட்டர் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று விசாரித்த நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் எழுதினார். அந்த ஊர்ப் பணியாளர்கள் வருடக்கணக்காகக் குளோரின் எண்ணை அளக்காமலே எழுதி வந்ததும் விசாரணையில் வெளிவந்தது.

மில்வாக்கியை முதலில் படித்தபோது என் கைகள் சில்லிட்டுப்போயின. மீட்டர் இல்லாத ஊரை நினைத்துப் பரிதாபப்படலாம். மீட்டர் இருந்த ஊரில் எங்கள் டம்ளர் ராத்திரியையே பார்த்தேன். வாக்கர்ட்டனைப் படித்தபோது, அதற்கு முன் நான் வேலை பார்த்த வேறொரு நிலையத்தின் லாக் புக் நினைவுக்கு வந்தது. எட்டு மணி நேர எண்களும் ஒரே பேனா மையில், ஒரே சாய்வில், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் எழுதப்பட்டிருக்கும். எழுதுகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணை எழுதிய பிறகு யாரும் படித்ததில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

எண்ணை யாராவது படித்து, படித்ததால் ஒரு வால்வு திரும்ப வேண்டும். அது நடந்ததை என் கண்ணால் பார்த்தது, ஒவ்வொரு ஃபில்டருக்கும் தனி கலங்கல் மீட்டர் வைத்த பிறகுதான்.

அதுவரை எட்டு ஃபில்டரின் தண்ணீரும் ஒன்றாகக் கலந்த இடத்தில் ஒரே மீட்டர். ஒரு ஃபில்டர் கெட்டாலும் மற்ற ஏழின் நல்ல தண்ணீரில் அது கரைந்து மறைந்துவிடும். தனித்தனி மீட்டர் வந்த வாரம், நாலாம் நம்பர் ஃபில்டரை பேக்வாஷ் செய்து திறந்தார்கள். நான் ஆபரேட்டர் அண்ணாவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். கோடு 0.2-ல் இருந்து எழும்பி 1.8-க்குப் போனது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங் தம்பி, இப்பத்தானே கழுவுனோம்?"

கழுவியதால்தான். மணலுக்கு நடுவில் பிடித்திருந்த மெல்லிய படலம்தான் நுண்ணிய துகளைப் பிடித்துவைக்கும். பேக்வாஷில் அழுக்கோடு அதுவும் போய்விடுகிறது. மணல் மறுபடி பழகும்வரை, முதல் இருபது முப்பது நிமிடம், துகள் நழுவும். புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் முப்பது வருடம் ஃபில்டர் கழுவியவருக்கு அன்றுதான் கண்ணால் பார்க்கக் கிடைத்தது. கழுவி முடித்த ஃபில்டர்தான் இருப்பதிலேயே சுத்தம் என்று முப்பது வருடம் நம்பியிருந்தவர் அவர்.

கோடு இறங்கி 0.3-க்கு வர 25 நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் அவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் கேட்டார்: "கழுவுன தண்ணிய மொதல்ல சாக்கடைக்கு உட்டுட்டு, தெளிஞ்சப்புறம் தொட்டிக்கு உட்டா?" அதற்கென்றே ஒவ்வொரு ஃபில்டரிலும் ஒரு வால்வு இருந்தது. கட்டிய நாளிலிருந்து யாரும் திறக்காமல் எட்டும் இறுகிப்போய்க் கிடந்தன. ஃபிட்டர் ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றி, கிரீஸ் வைத்து, ஒரு வாரம் போராடி ஆறைத் திறந்தார். இரண்டுக்கு வால்வையே மாற்ற வேண்டியிருந்தது. அந்த இரண்டு ஃபில்டரையும், புது வால்வு வரும்வரை, கழுவியபின் கொஞ்ச நேரம் அப்படியே ஓய்வாக விட்டு, வெளியேறும் வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் கால் கால் சுற்றாகத் திறந்து பார்த்தார்கள். யோசனை ஆபரேட்டர் அண்ணாவுடையது. உச்சம் 1.8-ல் இருந்து 0.7-க்கு வந்தது. அந்த ஷிஃப்டிலிருந்து மற்ற ஷிஃப்டுகளுக்கு விஷயம் பரவி, யார் திறந்தால் கோடு குறைவாக எழும்புகிறது என்று அவர்களுக்குள் போட்டியே வந்துவிட்டது.

அன்றிலிருந்து மீட்டரை அவர்கள் "உங்க மீட்டர்" என்று என்னிடம் சொன்னதில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இது என் மனக்குறை. டெண்டரில் மீட்டர் வாங்கப் பணம் இருக்கும். அதைத் துடைக்க ஒரு ஆளுக்கும், மாதாமாதம் தீரும் ரசாயனத்துக்கும், வருடம் ஒன்றில் ஆயுள் முடிகிற பிஹெச் புரோபுக்கும் பணம் இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்வீஸ் இன்ஜினியர் காரில் வருவார், கேலிப்ரேஷன் செய்வார், ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் சாம்பிள் குழாய் அடைத்தால் அடுத்த மூன்று மாதமும் அந்த ஸ்டிக்கர்தான் சாட்சி. மின்சாரம் நின்று சாம்பிள் பம்ப் ஓடாத இரண்டு நாளில் பிஹெச் புரோபின் கண்ணாடிக் குமிழ் காய்ந்து செத்துப்போகும். அதன் தலையில் பொட்டாசியம் குளோரைடு கரைசல் ஊற்றிய மூடியை மாட்டினால் பிழைத்திருக்கும். அந்த மூடியை அட்டைப்பெட்டியோடு சேர்த்து முதல் நாளே குப்பையில் போட்டிருப்பார்கள். இதற்கு யாரைக் கேட்பது?

எல்லாவற்றையும் பராமரிக்கக் கையில்லை என்று தெரிந்ததும், நான் சேர்ந்தபோது இருந்த முப்பத்தெட்டு மீட்டரில் பதினாலை நிறுத்திவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். யாருடைய கையையும் அசைக்காத எண்களைக் காட்டிக்கொண்டிருந்தவை அவை. விலை கொடுத்து வாங்கியதை நிறுத்துவதா என்று கோபப்பட்டார்கள். கெட்ட மீட்டர் ஒன்று நல்ல மீட்டர் பத்தின் பேரையும் கெடுக்கும் என்று வாதாடினேன். அலாரத்திலும் அதேதான். ஒரு ஷிஃப்டுக்கு இருநூறு முறை மணியடித்தால் மனிதன் சத்தத்தை நிறுத்தத்தான் பழகுவான், பார்க்கப் பழக மாட்டான். ஆபரேட்டர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு மணிக்கும் "இது அடிச்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டோம். பதில் இல்லாத மணியை எல்லாம் எடுத்தோம். ஒன்பது மிஞ்சியது.

மீதி இருபத்துநாலு மீட்டருக்கும் ஆள் பிரித்துக் கொடுத்தோம். வாரம் ஒரு முறை லென்ஸைத் துடைப்பது, குமிழி நிற்கும் இடத்தைக் கழுவுவது, ஃப்ளோ பார்ப்பது எல்லாம் ஆபரேட்டர்களின் வேலை. ஃபார்மசின் கரைசல் வைத்துக் கலங்கல் மீட்டரை கேலிப்ரேஷன் செய்வது என் வேலை. ஃபார்மசின் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், வைத்த இடத்தில் அடியில் படியும். குலுக்கினால் குமிழி வரும், குலுக்காவிட்டால் படிந்தே இருக்கும். குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல் பாட்டிலைத் தலைகீழாகவும் நேராகவும் மெதுவாகச் சாய்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கே ஒரு வருடம் ஆனது.

ஆபரேட்டர் அண்ணா போன வருடம் ரிடையர் ஆனார். அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், ராத்திரி இரண்டரை மணிக்கு அவரிடமிருந்து போன். வெளியே மழைச் சத்தம்.

"தம்பி, தூங்கிட்டிருந்தீங்களா? ஆறாம் நம்பர் ஃபில்டர்ல மீட்டரு 0.22-லயே நிக்குது."

"நல்லாத்தானுங்ணா இருக்குது, 0.22."

"இல்லீங் தம்பி. நான் அடித்தளத்துலதான் நிக்கறேன். மத்த ஏழு புனல்லயும் சத்தம் கேக்குது. இதுல கேக்கல. வால்வ மூடிட்டு டியூப்பக் கழட்டட்டுமா, நீங்க வர்றீங்களா?"

"கழட்டுங்ணா, நான் கிளம்பிட்டேன்."

நான் போய்ச் சேரும்போது டியூபைக் கழற்றி, மெல்லிய கம்பி விட்டு அடைப்பை எடுத்து, திரும்ப மாட்டியிருந்தார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் டம்ளர். புனலில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. திரையில் ஆறாம் நம்பர் 0.22-ல் இருந்து 0.9-க்கு ஏறியிருந்தது, அந்த ஃபில்டரை அவர் ஏற்கெனவே பேக்வாஷுக்கு நிறுத்திவிட்டிருந்தார்.